அப்பாவுக்குத் தொண்டை கட்டிய வாரம்

அப்பாவுக்குப் பாரம் வந்துவிட்டது என்றால் எங்கள் வீட்டில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஜலதோஷம் வருவதுபோல அவருக்கு ஊர்கள்மேல் பாரம் வரும். போலிவியாவுக்கு வந்து சாந்தா குரூஸில் இருந்தபோது சுக்ரேமேல் வந்தது. சுக்ரேயில் சபை சொந்தக் காலில் நிற்பதற்குள் ஓருரோமேல் வந்தது. ஓருரோவின் குளிரும் தூசியும் எங்களுக்கு ஒருவழியாகப் பழகிய நேரத்தில் ரிபெரால்தாமேல் வந்தது. ரிபெரால்தா காட்டுக்கு நடுவில், ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே எங்களுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

மிஷனரி குடும்பத்தில் பாரத்தை எதிர்த்துப் பேச முடியாது. இந்த ஊர் அலுத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டை போடலாம். கர்த்தர் எனக்கு அந்த ஊர்மேல் பாரம் கொடுத்தார் என்று சொன்னால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கொரியாவில், இஞ்சோனில் எங்களை அனுப்பிய சபைக்கு அப்பா ஃபோன் போட்டார். அவர்கள் ஆமென் என்றார்கள். பிறகு சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். அம்மா கிம்ச்சி ஊறுகாயை நறுக்கிக்கொண்டே ஆமென் என்றாள். எனக்குப் பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. என்னை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை லாரி வரும் என்று முடிவாயிற்று.

எனக்காவது பரவாயில்லை, நான் எங்கே போனாலும் வேண்டாவெறுப்பாகத்தான் இருப்பேன். அம்மாவின் கதை வேறு. அவளுக்கு ஓருரோவில் பசிலியா இருந்தாள்.

பசிலியா தெருமுனையில் காலை வேளையில் சோளக்கூழும் பொரித்த பாலாடைக்கட்டி அப்பமும் விற்பவள். கறுப்புச் சோளத்தில் செய்த கூழ், ஊதா நிறம், சூடு தொண்டையைப் பொசுக்கும். நாங்கள் வந்த புதிதில் எங்கள் அதிகாலை ஜெபத்தைக் கேட்டு, இந்தச் சீனாக்காரர் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று நினைத்து, ரொட்டியும் கோக்கா இலையும் எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவள் அவள்தான். யாரும் சாகவில்லை, நாங்கள் கொரியர்கள், இது எங்கள் ஜெபம் என்று அப்பா விளக்கினார். இப்படி அழுது ஜெபிக்கிறவர்கள் நிஜமாகத்தான் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சபையின் முதல் ஆத்துமா.

அப்பா அம்மாவை 'யேதம் அம்மா' என்றுதான் கூப்பிடுவார். யேதம் நான். சபையில் அவள் 'பாஸ்டர் அம்மா'. யேதமம்மா என்பதே அவள் பெயர் என்று பசிலியா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. உன்னைப் பெற்றவள் உனக்குப் பெயர் வைக்கவில்லையா என்று கேட்டாள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு மியோங்ஹி என்று சொன்னாள். பசிலியா வாயில் அது 'மெங்கி' ஆயிற்று. தெருமுனையிலிருந்து 'மெங்கி' என்று ஒரு குரல் வந்தால் போதும், அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அரைகுறை ஸ்பானிஷில் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எல்லோரும் கூடி, 'கர்த்தாவே' என்று மூன்று தடவை ஒரே குரலாகக் கத்துவோம். பிறகு அவரவர் ஜெபத்தை அவரவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில். யார் என்ன கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிலும் அப்பாவின் குரல் இருக்கிறதே, ஓட்டுக்கூரை அதிரும். அவர் பக்கத்தில் மண்டியிட்டு அம்மா என்ன சொன்னாலும் அது கூச்சலில் கரைந்துவிடும். ஆனால் நான் அம்மாவுக்கு நேர் பின்னால் உட்காருவேன். எனக்குத் துண்டு துண்டாகக் காதில் விழும். அதனால் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அந்த வாரம்தான் அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. ஓருரோவை விட்டுப் போகும்முன் எழுப்புதல் கூட்டம் நடத்துகிறேன் என்று, கதவில்லாத ஒரு கொட்டகையில், குளிரில், நாள் தவறாமல் கத்தினார். கடைசியில் காற்றுதான் வந்தது. டாக்டர் ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார். சாத்தானின் தாக்குதல் என்று அப்பா காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

அன்றிலிருந்து ஜெபத்தைப் பசிலியா நடத்தினாள். அம்மா பக்கத்தில் அப்பா வாயை மூடிக்கொண்டு மண்டியிட்டிருந்தார். அம்மா கேட்பது அவர் காதில் விழுந்துவிடுமே. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள். நான் என்ன செய்வேன்? அப்பாவின் இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். போலிவியாவை ஆசீர்வதியும், கொரியாவை ஆசீர்வதியும், வாய்க்கு வந்த தேசத்தையெல்லாம் ஆசீர்வதியும் என்று கூவினேன். அப்பா திரும்பிப் பார்த்துக் கண் கலங்கினார். மகளுக்கு எழுப்புதல் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

சனிக்கிழமையும் அப்படியே கத்தத்தான் வாயைத் திறந்தேன். வீட்டை ஒட்டிய சபை அறையின் ஓரத்தில் எங்கள் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அம்மாவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாமேலா, அம்மாமேலா, தெரியவில்லை. எத்தனை நாள் நான் மூடி போட்டுக்கொண்டிருப்பது? கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா சந்தையில் பேரம் பேசுகிற குரலில் கொரிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, நீங்கதானே இவருக்குப் பாரம் குடுக்குறீங்க. இந்த ஒண்ணை வேற யாருக்காவது குடுங்க. எவ்வளவோ பேர் சும்மா இருக்காங்க. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த ஊர்லதான் ஒருத்தி இருக்கா. அவளையும் விட்டுட்டு வரச் சொல்றாரு. என்னால முடியாது. அவர் போகணும்னா போகட்டும், நான் வரல. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல தைரியமில்ல."

அப்பாவின் முதுகு கல்லாகிவிட்டது. முன்னால் பசிலியா, ஒரு வார்த்தையும் புரியாமல், கையைத் தூக்கிக் கர்த்தரைத் துதித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் குரல் இல்லாமல் தன் குரல் வெளியே கேட்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு வைத்தாள். அப்பா கிண்ணத்தைத் தொடவில்லை. டாக்டர் சொன்னதை மீறிக் கரகரத்த குரலில் கேட்டார்.

"யேதம் அம்மா, சுக்ரேலயும் இப்படித்தான் ஜெபம் பண்ணினியா?"

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. அவள் முகம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. அவள் பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"எல்லா ஊர்லயும்தான்" என்றாள்.

"கர்த்தர் கேட்கலையே."

"அவர் என்ன பண்ணுவார்? உங்க சத்தம்தான் பெருசா இருந்துச்சு."

அப்பா எழுந்துவிட்டார். ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். காலில் சக்கரம் கட்டிய மனிதர், வேறென்ன செய்வார். அவரைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது, அது எனக்கே பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது.

அப்பா வெளியே போனார். நானும் அம்மாவும் கதவிடுக்கில் நின்றோம். டிரைவர் பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டு, எதை முதலில் ஏற்றுவது என்று கேட்டான். அப்பா லாரியைத் தடவினார். சக்கரத்தைப் பார்த்தார். சாலை போகிற திசையை வெகுநேரம் பார்த்தார். ஏறிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கடைசியில் அவர் டிரைவரிடம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவன் திட்டிக்கொண்டே காலி லாரியை எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே வந்த அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இந்த வாரம், சரி. அடுத்த வாரம் தொண்டை திறக்கும், புதிதாக ஒரு ஊர் வரும், அல்லது அதே ஊர் திரும்ப வரும். அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள் சபை அறைக்குப் போய்க் கத்தியால் கயிறுகளை அறுக்க ஆரம்பித்தாள். அவிழ்க்கப் பொறுமையில்லை. பானைகளை வாரி வெளியே போட்டாள். அப்பாவின் புத்தகங்களை அள்ளித் தரையில் குவித்தாள். காலியான அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மிதித்துத் தட்டையாக்கினாள்.

"யேதம், நின்னு வேடிக்கை பாக்காதடி" என்றாள். "இதையெல்லாம் கொண்டுபோய் பசிலியா அடுப்புல போடு. ஒண்ணுகூட மிச்சம் வைக்காத."