முற்றத்துத் தகரம்

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. அதற்குள் காந்தி மார்க்கெட்டில் தாஜுதீன் ராவுத்தரின் காய்கனி மண்டி களைகட்டிவிட்டது. பச்சைமலையிலிருந்து வந்த நெல்லிக்காய் மூட்டைகளைக் கூலியாட்கள் அவிழ்த்துக் கொட்ட, தாஜுதீன் குந்தி உட்கார்ந்து தம் கையாலேயே தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வடுப்படாத பெரிய காயெல்லாம் ஒரு கூடை. அது வியாபாரிகளுக்கு. கொஞ்சம் சின்னதெல்லாம் இன்னொரு கூடை. அது ஓட்டல்காரர்களுக்கு. அடிபட்டது, சுருங்கியது, கரும்புள்ளி விழுந்தது எல்லாம் ஓரமாகக் கிடந்த சாக்கில் போய் விழும். அந்தச் சாக்கு யாருக்கு என்று கேட்கிறீர்களா? அது அவர் வீட்டுக்கு.

இஞ்சியும் எலுமிச்சையும் கீரையும் அப்படித்தான். வாடியதும் வதங்கியதும்தான் வீடு வந்து சேரும். இதில் அவருக்கு வருத்தம் துளியும் கிடையாது, பெருமைதான் உண்டு. நல்ல சரக்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவன் வியாபாரியே இல்லை என்பது அவர் கட்சி. மார்க்கெட்டில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே கட்சிதான். ஊர் உடம்புக்கெல்லாம் தெம்பு தருகிற சரக்கை விற்பார்கள், அவரவர் வீட்டுச் சட்டியில் சொத்தைக்காய் வேகும். கேட்டால் தொழில் தர்மம் என்பார்கள். என்ன தர்மமோ, போங்கள்.

அதற்காகத் தாஜுதீனைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மனைவி நஜ்முன்னிசாவின் மேலும் ஒரே மகள் ஜீனத்தின் மேலும் உயிரையே வைத்திருந்த மனிதர். ஆனால் ஊர்ப்பேச்சு என்றால் அவருக்குக் குலை நடுங்கும்.

மேலப்புலிவார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். ஒரு காலத்தில் அந்த முற்றத்தில் வெயில் தாராளமாக விழும். ஜீனத் அதில்தான் தவழ்ந்தாள், நடந்தாள், ஓடினாள். பிறகு அடுத்த வீட்டு வீரமலை மாடி எடுத்துக் கட்டினார். மாடி ஜன்னலில் நின்றால் இந்த முற்றம் தெரியும். வீரமலை தங்கமான மனிதர், அந்த ஜன்னல் பக்கமே தலைகாட்ட மாட்டார். ஆனாலும் வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் இருக்கிற வீடாயிற்றே என்று மார்க்கெட்டில் யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். தாஜுதீனுக்கு அது போதாதா? மறுநாளே ஆளை வைத்து முற்றத்தின் தலைக்குமேல் முழுக்கத் தகரம் அடித்துவிட்டார். வெயில் எப்படி வரும், அடுப்புப் புகை எப்படிப் போகும் என்று நஜ்முன்னிசா கேட்டாள். ஊர் என்ன சொல்லும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

புகை போக வழியில்லாமல் அறை அறையாகச் சுற்றியது. பகலிலேயே விளக்கு வேண்டியிருந்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறியது. துவைத்துப் போட்ட துணி நமுத்து நாறியது. மழைக்காலம் தொடங்கியதும் ஜீனத்துக்குச் சளி பிடித்தது. சளி போனால் இருமல், இருமல் போனால் இழுப்பு. சத்துக்கு நல்ல ஆகாரம் வேண்டாமா? வீட்டில் இருந்ததோ சாக்கில் வந்த வாடல். பெரிய கடைவீதி டாக்டர் மருந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, மருந்து பாதிதான் வேலை செய்யும், பிள்ளைக்கு நல்ல காற்றும் வெயிலும் புதிதான காய்கறியும் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

தாஜுதீன் என்ன செய்தார் தெரியுமா? காற்றும் வெயிலும் இருக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார். அடுத்த ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஜீனத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி, உறையூரில் இருந்த தம் அக்கா சாரா பீவியின் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். தகரத்தைப் பிரிக்க வேண்டும் என்று மனிதருக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையைப் பிரித்தார்.

உறையூர் ஒன்றும் சீமையில் இல்லை. ஆனால் நஜ்முன்னிசாவுக்கு அது சீமையைவிடத் தூரமாகிப் போயிற்று. முதல் தடவை திரை கட்டிய வண்டியில் அவள் பார்க்கப் போனபோது ஜீனத் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அழுது அழுது பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்த்த தாஜுதீன், நீ போனால் பிள்ளை ஏங்கிப்போகிறாள், குளிர் விட்டுத் தை பிறக்கும்வரை போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளை ஏங்குவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பெற்றவள் ஏங்குவது தெரியவில்லை.

ஜீனத்தின் பச்சைப் பாவாடை ஒன்று வண்டியில் வைக்க மறந்து வீட்டிலேயே தங்கிவிட்டது. நஜ்முன்னிசா அதைத் துவைத்துக் கொடியில் போடுவாள். தகரத்துக்கடியில் அது காயவே காயாது. பூஞ்சை வாடை வந்ததும் மறுபடி எடுத்துத் துவைப்பாள். பிள்ளை வந்தால் உடுத்த வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சில நாள் அதை முகத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள். பிள்ளையின் மணம் எப்போதோ போய்விட்டது, ஈர வாடைதான் வரும். பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள்.

அந்த வருடம் ரமலான் மார்கழிக் குளிரில் வந்தது. பெருநாள் நெருங்க நெருங்க நஜ்முன்னிசாவுக்கு வேறு நினைப்பே இல்லை. தெருவில் மற்றப் பிள்ளைகள் பெருநாள் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டு போவது கேட்டால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது மனசு தாங்காமல் கேட்டுவிட்டாள்.

“பெருநாளைக்காச்சும் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்.”

“இந்தப் பனியிலயா? மறுபடி இழுப்பு வந்தா யாரு பாக்கறது?”

“நான் பாத்துக்கறேங்க. இவ்வளவு நாளும் நான்தானே பாத்தேன்.”

தாஜுதீன் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நோன்பு திறந்தார். அவள் நோன்புக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சிதான், ஆனால் இஞ்சி சுருங்கினது, புதினா வாடினது. அவருக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகு ஜீனத்தின் சின்னக் கிண்ணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாஜுதீன் அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காதவர்போலக் குனிந்து குடித்தார்.

அந்தக் கிண்ணம் மறுநாள் மண்டியில் அவரை உட்காரவிடவில்லை. மதியத்துக்கு மேல் கணக்கப்பிள்ளையிடம் கடையை ஒப்படைத்துவிட்டு உறையூருக்கு வண்டி பிடித்தார். வழக்கமாக அவர் போகும்போது இருட்டியிருக்கும், ஜீனத் தூங்கிப்போயிருப்பாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பல வாரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் மகளைப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

சாரா பீவி வீட்டு முற்றத்தில் வெயில் பளீரென்று அடித்தது. ஜீனத் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையில் எதையோ வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. அத்தா என்று கூவிக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அத்தனை வேகமாக ஓடிவந்தும் பிள்ளைக்கு மூச்சு வாங்கவில்லை. தாஜுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவிடம் என்ன மருந்து கொடுக்கிறாய் என்று கேட்டார்.

“மருந்தா? காய்ச்சல் கண்டா நானும் டாக்டர்கிட்டதாம்பா தூக்கிட்டு ஓடுவேன். இங்க வந்ததுலேருந்து அந்த வேலை வரல, அல்லா காப்பாத்தினான்.”

அவள் சொன்னதெல்லாம் யார் வீட்டிலும் செய்யக்கூடியதுதான். காலை வெயிலில் பிள்ளையை ஆடவிடுகிறாள். அடுப்பைக் கொல்லைப் பக்கம் வைத்திருப்பதால் புகை வீட்டுக்குள் வருவதில்லை. கொல்லை முருங்கைக்கீரையை உருவிக் கஞ்சியில் போடுகிறாள். சோற்றுக்கு மிளகு ரசம், படுக்கப் போகுமுன் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால், பொழுது சாய்ந்ததும் நல்ல தூக்கம். பிறகு வெயிலில் உட்கார்ந்து உப்பு தொட்டுக் கடிக்க ஒரு நெல்லிக்காய்.

தாஜுதீன் மகளின் கையைப் பார்த்தார். சரக்கு அவர் கண்ணுக்குத் தப்புமா? முதல் கூடைக் காய். எங்கே வாங்கியது என்று கேட்டார்.

“செல்லக்கிளின்னு ஒரு பொம்பள கூடையில கொண்டாரா. உன் மண்டியிலதான் எடுக்கறாளாம். ஊர்லயே ராவுத்தர் கடை நெல்லிதான் ஒசத்தின்னு சொல்லிச் சொல்லி விக்கறா.”

தாஜுதீன் மகள் கையிலிருந்து அந்தக் காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையால் பொறுக்கிப் போட்ட காய், யார் யார் கையோ மாறி அவர் மகள் வாய்க்கு வந்திருக்கிறது. அவர் வீட்டில் இருந்தவரைக்கும் அந்தப் பிள்ளை கரும்புள்ளிக் காயைத்தான் கண்டிருக்கிறாள்.

தலையை நிமிர்த்தியவர் முற்றத்துக்குமேலே பார்த்தார். இத்தனை தடவை வந்தும் அவர் கவனித்ததில்லை, இந்த வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு மாடி இருந்தது. அதற்கும் ஜன்னல் இருந்தது. ஜன்னல் இருக்கிற பக்கத்துச் சுவரில் மட்டும் மூங்கிலை நட்டுப் பனையோலைத் தட்டி கட்டியிருந்தாள் சாரா பீவி. தலைக்குமேல் வானம் திறந்து கிடந்தது.

“அத்தா, வெயில் வந்ததும் வீட்டுக்குப் போகலாம்னு சாரா மாமி சொன்னாங்க” என்றாள் ஜீனத். “நம்ம வீட்டுக்கு எப்ப வெயில் வரும்?”

சாரா பீவிதான் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

“கோஷா எங்களுக்குத்தாம்பா தாஜு. வெயிலுக்கும் காத்துக்கும் யாரு கோஷா வெச்சது? மறைக்கணும்னா ஜன்னலுக்கு நேரா மறை. வானத்தை ஏன் மறைச்சே?”

அன்று அங்கேயே நோன்பு திறந்தார். முருங்கைக்கீரை போட்ட கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வீட்டில் இந்நேரம் நஜ்முன்னிசா தனியாக உட்கார்ந்து சின்னக் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. தகரம் அடிக்க எத்தனை அவசரப்பட்டோம், பிரிக்க ஒருநாளும் தோன்றவில்லையே என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை மண்டிக்குப் போன கையோடு கூலியாள் அடைக்கலத்தை ஏணியோடு கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார். தகரம் கழன்று விழும் சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. வீரமலை மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜன்னலுக்குப் பலகை அடித்திருப்பேனே ராவுத்தரே என்று அங்கலாய்த்துவிட்டு, தாமே தட்டி கட்ட மூங்கில் கொண்டுவந்து கொடுத்தார். ஊர்ப்பேச்சு என்று அத்தனை நாள் தாஜுதீன் பயந்தது இதற்குத்தான்.

கடைசித் தகரம் கழன்றதும் முற்றத்தில் வெயில் விழுந்தது. நஜ்முன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கண் கூசியது. தேங்கிக் கிடந்த புகை மெல்ல மேலே ஏறிப் போவதைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பச்சைப் பாவாடையை எடுத்து வந்து வெயிலில் விரித்துப் போட்டாள். அப்புறம்தான் வாசல் பக்கம் ஒரு கூடை இருப்பதைக் கவனித்தாள். வடுப்படாத நெல்லிக்காய், கொத்தான இஞ்சி, பனி காயாத முருங்கைக்கீரை. அவள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளைக்குப் பெருநாள்னா புள்ள இன்னிக்கே வரணுமில்ல. போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக வெளியே போனார்.

வெயில் இருக்கும்போதே வண்டி வந்து நின்றது. ஜீனத் இறங்கி உள்ளே ஓடிவந்து முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். நஜ்முன்னிசா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிள்ளை வந்து விழுந்ததும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். இழுப்புச் சத்தம் இல்லை. அப்புறம்தான் அழுதாள்.

காய்ந்து மொடமொடத்த பாவாடையைப் பிள்ளைக்குக் கட்டிவிட்டாள். அது கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. தான் பார்க்காமலே பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று தெரிந்தபோது நஜ்முன்னிசாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

தாஜுதீன் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் அடித்த அன்றைக்கே நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக்கூடாதா என்று மெல்லக் கேட்டார்.

“சொன்னேங்க. ஊரு என்ன சொல்லும்னு கேட்டீங்க” என்றாள் அவள். “இவ மூச்சுக்குத் தவிச்சப்ப எந்த ஊருங்க வந்து நெஞ்சைத் தடவிவிட்டுது?”

அவர் முற்றத்து வெயிலில் வந்து மனைவிக்கும் மகளுக்கும் எதிரே உட்கார்ந்தார்.

“தப்பு என்னோடதுதான் நஜ்மா. சீக்கு வந்தப்புறம் மருந்தைத் தேடி ஓடினேன். அது வராம காக்கிற வெயிலும் காத்தும் வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு, நான்தான் உள்ள விடல. நல்ல காயை ஊருக்குக் குடுத்துட்டு சொத்தையைப் புள்ளைக்குக் குடுத்தேன். வீட்டு ஆளுங்க உடம்புல தெம்பு இல்லேன்னா எந்தக் கௌரவம் என்னத்துக்கு ஆகும்? இனிமே மொதக் கூடை நம்ம வீட்டுக்குத்தான்.”

நஜ்முன்னிசா ஊசியும் பச்சை நூலும் எடுத்து வந்து, மகளை மடிக்கருகில் நிறுத்திக்கொண்டு, பாவாடையின் ஓர மடிப்பைப் பிரித்து இறக்கித் தைக்க ஆரம்பித்தாள். அதற்கு விளக்குத் தேவைப்படவில்லை.