பாண்டியம்மாள் பிறந்த தேதி

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி வாசலில் ஒரு கரும்பலகை. காலையில் சூப்பர்வைசர் குமாரவேல் அதில் அன்றைய டார்கெட்டை எழுதுவார். கீழே மிஞ்சும் இடம் செக்கிங் அனுசுயாவுக்கு. மாலை வகுப்பில் வரலாறு படிக்கிற பெண். அந்தத் தேதியில் பிறந்தவர், மறைந்தவர் யாரென்று இரண்டு புத்தகங்களில் ஒத்துப்பார்த்த பிறகே சாக்பீஸைத் தொடுவாள். தொட்ட பிறகும் சந்தேகம் தீராது. யாராவது கேட்டால் "இருக்கலாம்" என்பாள்.

பிறந்தநாள்காரர்களின் பேரை மைக்கில் சொல்லிக் கைதட்டுவது கம்பெனி வழக்கம். உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் அது ஜூன் ஒன்றாம் தேதி மொத்தமாக நடந்து முடிந்துவிடும். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எல்லாருக்கும் போட்டுவிட்ட தேதி அது. ஓவர்லாக் மிஷின் பாண்டியம்மாளுக்கு அது பெருங்குறை. "மந்தைக்கே ஒரு பேர் வச்சாப்புல" என்பாள். பிரதமர் இறந்துவிட்டதாக ரேடியோ சொன்ன அன்றைக்குத்தான் அவள் பிறந்ததாம். எந்தப் பிரதமர் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

நேரு என்றால் மே மாதம், சாஸ்திரி என்றால் ஜனவரி. நேருவாக இருந்தால் ரெண்டு வயசு கூடுமே என்று பக்கத்து மிஷின் காசிமாயன் சீண்டினான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அனுசுயா இரண்டு தேதிகளையும் குறித்துவைத்துக்கொண்டதோடு சரி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பாண்டியம்மாளிடம், பிறந்த அன்றைக்கு வீட்டில் வேறென்ன நடந்தது என்று மட்டும் கேட்டாள். பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த அப்பா, சுண்ணாம்புக் கையோடு மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினாராம். ஊரே சிரித்ததாம்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த நாள் மே மாதத்தில் வராது.

2006 ஜனவரி பதினொன்று. பலகையில்: கொடிகாத்த குமரன் உயிர்நீத்த நாள், 1932. தாஷ்கண்டில் சாஸ்திரி மறைவு, 1966. அதன் கீழே, பொடி எழுத்தில்: பாண்டியம்மாள் பிறப்பு, 1966.

பார்த்ததும் பாண்டியம்மாள் பதறிப்போனாள். "அழிச்சிரு பிள்ள. அம்புட்டுப் பெரிய ஆளுக செத்த நாள்ல எனக்கென்ன கொண்டாட்டம்?"

அனுசுயாவின் கை டஸ்டருக்குப் போனது. அதற்குள் குமாரவேல் அதை எடுத்துக்கொண்டார். வருஷாவருஷம் அன்றைக்குக் குமரன் நினைவிடத்துக்குப் போய்விட்டுத்தான் காப்பி குடிப்பார். பலகையை நிதானமாகப் படித்தார்.

"ஏங்கண்ணு, இது நெசமா?"

பாண்டியம்மாள் அனுசுயாவின் முகத்தையே பார்த்தாள். 'இருக்கலாம்' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அனுசுயா அதை விழுங்கினாள்.

"ஆமாங்க."

குமாரவேல் டஸ்டரைத் தூக்கி, மேலே தான் எழுதிய டார்கெட்டை அழித்தார்.

"எங்கூர்க்காரரு உசுரு விட்ட தேதியில வந்து பொறந்திருக்காங்க. அதை இத்தினூண்டு எழுத்துல போட்டா எப்படிங்கண்ணு? பெருசா எழுது."

அவள் எழுதினாள். மைக்கில் ஒற்றைப் பேர் மட்டும் ஒலித்தது. கைதட்டல் அடங்கியதும், வயசென்ன ஆச்சு என்று காசிமாயன் இழுத்தான்.

"சாஸ்திரி போன அன்னைக்கு வந்தவடா நான். கணக்குப் போட்டுக்க" என்றாள் பாண்டியம்மாள், பெடலை மிதித்துக்கொண்டே.