எலி இல்ல, அணில்

என் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "எலி டாக்டர், எலி எந்திரிச்சிடுச்சா?" என்பதுதான் பார்க்கும்போதெல்லாம் அவன் விசாரிப்பு. நான் ஆராய்வது எலியை இல்லை; குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கும் தரையணிலை. "எலி இல்ல, அணில்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும், "ரெண்டும் கொறிக்கத்தானேடா செய்யுது?" என்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவன் இதயம் திடீரென்று நின்று, திரும்பத் துடிக்கத் தொடங்கியபோது, மூளைக்கு எவ்வளவு சேதம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூளை மேலும் கெடாமலிருக்க மருத்துவர்கள் அவன் உடம்பைக் குளிர்வித்து, மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். அண்ணி அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கைப்பையிலிருந்து கம்பளி சாக்ஸை எடுத்தார்.

"வேணாம் அண்ணி!" கத்தியே விட்டேன். நர்ஸ் முறைத்தார்.

"கால் ஐஸா இருக்கு தம்பி. மனசு கேக்கல."

எரிந்து விழுந்தது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். "எங்க லேப் குளிர் அறையில ஒரு அணில் தூங்குது. தொட்டா ஐஸுதான். மூளையும் அதே குளிருக்கு எறங்கிடும், ரத்தம் பேருக்குத்தான் போகும். நாமன்னா செத்தோம். அது அடுப்ப சிம்ல வெச்ச மாதிரி செலவக் குறைச்சிக்கிட்டுக் கெடக்கும். மூளை நரம்போட கிளைங்ககூடச் சுருங்கிடும். சூடேறினா திரும்ப வளந்துடும்."

"எந்திரிச்சா ஆளத் தெரியுமா?"

அவர் கேட்டது அணிலைப் பற்றி இல்லை.

"என்னை நல்லாவே தெரியும். மொத வேலையா என் விரலத்தான் கடிக்கும்."

அண்ணி சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "அப்ப இவரும்..."

"மனுஷன் அணில் இல்ல அண்ணி. நமக்கு அவ்வளவு குளிர் தாங்காது. அதனாலதான் கொஞ்சமா எறக்கியிருக்காங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பொய் சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை. அவர் சாக்ஸைச் சுருட்டிக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார்.

மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் அவன் கண் திறக்கவில்லை. ஒருவழியாகத் திறந்தான், பார்வை எங்கோ இருந்தது. மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகும் பேச்சில்லை. அண்ணி அவன் காலில் சாக்ஸை மாட்டிவிட்டு, என்னை முன்னால் தள்ளினார்.

"யாரு வந்திருக்காங்க பாருங்க."

என்னையே வெகுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எலி டாக்டர்," என்றான். மூச்சு வாங்கியது. "எலி... எந்திரிச்சிடுச்சா?"

"எந்திரிச்சிடுச்சுண்ணா," என்றேன் அழுதுகொண்டே. "எலி எந்திரிச்சிடுச்சு."