முப்பத்தேழாம் நம்பர் டோக்கன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலை, நெமிலிச்சேரி ஏரியில் நாற்பத்தெட்டு வெள்ளைக்காரர்களோடு ஒரு சின்னக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. மெட்ராஸ் துறைமுகத்தில் நிற்க வேண்டியது இங்கே எப்படி வந்தது என்று முதல் அரைமணி நேரம் ஊரில் பேச்சு இருந்தது. கூவத்தில் வெள்ளம் போனபோது ஏறி வந்திருக்கும் என்றார் டீக்கடை துலுக்கானம். இருக்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் எருமையைக் குளிப்பாட்டப் போனார்கள். ஞானகுமாரி மட்டும் போகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போக, டிபன் டப்பாவும் கையுமாகக் கரைமேல் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கப்பலை அவள் போட்டோவில் பார்த்திருக்கிறாள். அவள் புருஷன் பிரகாசம் மூணு வருஷமாக அதில்தான் சமையல்கட்டில் வேலை பார்த்தான். லீவில் வந்து மூணு நாள்தான் ஆகிறது. ஆளைக் கூப்பிட வாசலுக்கே வந்துடிச்சி பாரு, கட்டையில போற கப்பலு, என்று வாய்விட்டே திட்டினாள்.

பிரகாசம் செய்தது ஒரு சின்னப் பிசகு. கப்பலுக்குப் போகுமுன் பதினாலு வருஷம் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் இருந்தவன் அவன். அங்கே ஆளுக்கொரு பித்தளை டோக்கன். காலையில் கேட் பக்கத்துப் பலகையில் மாட்ட வேண்டும், ஷிப்டு முடிந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். எண்பத்தொன்றில் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டதும் மச்சான் ஒருத்தன் இந்தக் கப்பலில் சேர்த்துவிட்டான். சரக்குக் கப்பல் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத தீவுகளின் ஓரமாகவே போய், பாறையில் படுத்திருக்கிற கடல்நாய், கூட்டம் கூட்டமாக நிற்கிற பெங்குவின், இறக்கை விரித்தால் கட்டில் நீளத்தைத் தாண்டுகிற பறவை, இதையெல்லாம் வசதியான கிழவன் கிழவிகளுக்குக் காட்டுகிற கப்பல். ரப்பர் படகில் கரைக்கு இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொள்ளும். அதிலும் ஒரு பலகை, ஆளுக்கொரு பித்தளை டோக்கன். ஆனால் அதைக் கழற்றவே கூடாது. கரைக்குப் போகும்போது சிவப்புப் பக்கம், வந்ததும் வெள்ளைப் பக்கம் என்று புரட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் வெள்ளையானால்தான் கப்பல் கிளம்பும், யாரையும் தீவில் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாதே. லீவு கிடைத்த குஷியில் பிரகாசம், மூணு வருஷப் பழக்கத்தை மறந்து பதினாலு வருஷப் பழக்கத்தில், முப்பத்தேழாம் நம்பரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கப்பலைப் பொறுத்தவரை அவன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரப்பர் படகு ஓட்டுகிற காசிமேட்டு அந்தோணிராஜ் அன்றைக்கே வீட்டுக்கு வந்தான். "அண்ணாத்தே, டோக்கனு உங்கையில கீதா? அது இல்லாம நங்கூரம் எழும்ப மாட்டேங்குது. கேப்டன் பேஜாராயிட்டாரு." பிரகாசம் நெற்றியில் அடித்துக்கொண்டு, "இன்னாமே, என் சட்டைய எங்க போட்ட?" என்று பெண்டாட்டியைக் கேட்டான். "ஊற வெச்சி கல்லுல அடிச்சி காயப்போட்டேன். பையில ஒண்ணியும் இல்லியே" என்றாள் ஞானகுமாரி, கண் சிமிட்டாமல். கப்பலைப் பார்த்த கையோடு திரும்பி வந்து, டோக்கன் இல்லாத ஆளை எந்தக் கேட்டிலும் உள்ளே விட மாட்டார்கள் என்ற கணக்கில், பையிலிருந்த டோக்கனை அரிசி ட்ரம்முக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டிருந்தாள். மூணு வருஷம் ஒண்டியாக, பத்து வயசுப் பெண் ஜெயகுமாரியை வைத்துக்கொண்டு அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். இன்னொரு தபா அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. ரெண்டு நாள் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

போகவில்லை. தீவில் இறங்குகிறவர்கள் தாண்டக் கூடாத எல்லைக்குச் சிவப்புக் கொடி நடுவது அந்தக் கப்பலின் வழக்கம். ஐந்தாம் நாள் விடிந்தபோது நெமிலிச்சேரியில் நாலு பக்கமும் கொடி இருந்தது. மேற்கே ரயில்வே கேட்டில் ஒன்று, ஆவடி ரோட்டில் ரைஸ்மில் வாசலில் ஒன்று, மற்ற ரெண்டு வயல்காட்டில். யூனியன்காரர் ஒருத்தர் சைக்கிளில் வந்து பார்த்து, இது நம்ம கொடி இல்லை என்று போய்விட்டார். மற்றவர்களுக்கு அது வெறும் துணி. பிரகாசத்துக்கு மட்டும் அந்த இடம் வந்தால் கால் தானாகத் திரும்பிக்கொள்ளும். பஸ்ஸில் ஏறினால் பஸ் போய்விடும், அவன் சீட்டில் குந்தின வாக்கிலேயே ரைஸ்மில் எதிரே ரோட்டில் குந்தியிருப்பான். ஞானகுமாரி அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். சைக்கிள் போனது, ஆள் போகவில்லை. வேறு வழியில்லாமல் ஏரிக்கரையில் பிரெட் ஆம்லெட் கடை போட்டான்.

கப்பல் சும்மா வரவில்லை, தன் கரையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குள் ஏரியின் வடகரை கறுப்புப் பாறையாக மாறி, அதில் கடல்நாய்கள் மல்லாந்து படுத்தன. துணி துவைக்கிறவர்கள் அதுகளை முறத்தால் விரட்டி இடம் பிடித்தார்கள். பெங்குவின்கள் விடிகாலையில் தெருக்குழாயில் வரிசையாக நின்றன, குடம் கொண்டுவராததால் யாரும் அதுகளோடு சண்டைக்குப் போகவில்லை. கத்திரி வெயிலிலும் கொடிகளுக்குள் ஐஸ்காற்று அடித்தது, வெக்கை தாங்காத ஆவடிக்காரர்கள் பாயோடு வந்து படுத்துவிட்டுப் போனார்கள். ஏரி வற்றவே இல்லை. வெள்ளைக்காரர்கள் தினம் காலை சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு இறங்கி, எருமையையும் எருமை மேல் குந்தியிருக்கிற கொக்கையும் போட்டோ பிடித்தார்கள். அவர்களுக்கு அது பயணத்தின் பன்னிரண்டாம் நாள். அடுத்த நாளும் பன்னிரண்டாம் நாள்தான். ஒரு கிழவி மட்டும் தினமும் மகளுக்குக் கடிதம் எழுதி, தபால் பெட்டியில் போட்டு, மறுநாள் அதைத் தன் தலையணைக்கு அடியிலேயே கண்டெடுத்தாள். பிரகாசம் கடையை மூடியதும் ஒரு கொடியிலிருந்து மறு கொடிக்கு நடப்பான். மொத்தம் இருபது நிமிஷ நடை. முடித்ததும் திரும்பவும் ஆரம்பிப்பான். வீட்டுக்குள் அவன் டோக்கனைத் தேடாத இடமில்லை. ஓடு பிரித்தும் தேடினான், பரண் மேலும் தேடினான், ஞானகுமாரியும் கூடவே நின்று விளக்குப் பிடித்தாள். அரிசி ட்ரம் பொம்பளைகள் சமாச்சாரம் என்று அவன் தொடவில்லை.

எண்பத்தெட்டில் வேப்பம்பட்டில் பிரகாசத்தின் அம்மா செத்துப்போனாள். ரெண்டு ஸ்டேஷன் தூரம். அவனால் கேட்டைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் சொந்தக்காரர்களே இரக்கப்பட்டு, சவப்பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிவந்து, கொடிக்கு அந்தப் பக்கம் இறக்கி மூடியைத் திறந்தார்கள். அவன் இந்தப் பக்கம் முட்டி போட்டுக் கையை நீட்டினான். அம்மா நெற்றிக்கும் அவன் விரலுக்கும் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாண் குறையவே இல்லை, ரயில் வருகிறது என்று கேட்கீப்பர் கத்துகிறவரைக்கும். ஞானகுமாரி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அவள் அந்தோணிராஜைத் தனியாகப் பிடித்து, டோக்கன் இப்போது கிடைத்தால் என்ன ஆகும் என்று பேச்சுவாக்கில் கேட்கிறமாதிரி கேட்டாள். அவன் உள்ளதைச் சொன்னான். "மொத நாளே கேப்டன் கையில குடுத்திருந்தா ஒண்ணியும் இல்லக்கா, வாங்கி வெச்சிக்கினு போயினே இருந்திருப்பாரு. அண்ணாத்தே லீவு முடிஞ்சி வந்திருக்கலாம், வராமயும் இருந்திருக்கலாம். இப்ப பலகையில அந்த ஆணி காலியா கெடந்தே ஊறிப் பூடுச்சி. இனிமே யாரு டோக்கன மாட்டறாங்களோ அவங்க கப்பலோட போயாவணும்." ஞானகுமாரி வீட்டுக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சும்மா கிடைத்திருக்க வேண்டியதை அவளே கையால் கெடுத்திருந்தாள். அதற்கப்புறம் உலைக்கு அரிசி அள்ளுகிறபோதெல்லாம் விரலில் டோக்கன் இடித்தது. இப்படி ஆறு வருஷம் சோறு பொங்கினாள்.

தொண்ணூற்று நாலில் ஜெயகுமாரிக்குக் காட்டுப்பாக்கத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை சத்தியராஜ் எலெக்ட்ரீஷியன், குணமான பையன். அவன் அம்மா லூர்தம்மாள் ஒரே பிடியாக நின்றாள். "எங்க மாதா கோயில்லதான் கல்யாணம். பொண்ண அப்பன்தான் கையப் புடிச்சி இட்டுக்கினு வரணும். அப்பன் உயிரோட கீறப்ப சித்தப்பன் இன்னாத்துக்கு?" இதே காரணத்தில் முன்னால் ரெண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. ஜெயகுமாரி காயப்போட்ட துணியை எடுக்கிறமாதிரி போய்ப் பின்பக்கம் நின்றுகொண்டாள். அன்று மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து ஞானகுமாரி புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"டோக்கனு எங்கிட்டதான் கீது" என்றாள். "மொத நாள்லேர்ந்து அரிசி ட்ரம்முல கீது."

பிரகாசம் அடுப்பிலிருந்த ஆம்லெட் கருகிப்போகிற வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய் ரைஸ்மில் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் ரெண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. மூணாம் நாள் வந்து வாசலில் நின்றபடியே கேட்டான். "எங்கம்மாவத் தொட முடியாம கைய நீட்டிக்கினு கெடந்தேனே, அப்பகூட நீ பக்கத்துலதானேமே நின்ன?"

"நின்னேன்யா. மொதல்ல, போனா வரமாட்டியோன்னு பயம். அப்பால, சொன்னா மூஞ்சில முழிக்க மாட்டியோன்னு பயம். பாவின்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

அவன் சொல்லவில்லை. "குடு, நானே போயி மாட்டறேன். அந்தக் கடுதாசிக் கெழவியாவது ஊடு போய்ச் சேரட்டும்" என்றான்.

"நீ போயிட்டா பொண்ண யாரு கோயிலுக்குள்ள இட்டுக்கினு போறது?" என்றாள் ஞானகுமாரி.

அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்து மிஷின் வனஜா ரயிலைத் தவறவிடுகிற நாளில், அவள் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிடுகிறவள் ஞானகுமாரிதான். இருபது வருஷத்தில் ஒரு தபாகூடப் பிடிபட்டதில்லை. பலகை முகத்தைப் பார்க்காது, நம்பரைத்தான் பார்க்கும் என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். கப்பல் பலகையும் அப்படித்தானா என்று அந்தோணிராஜைக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்டித்தான்க்கா. ஆனா மாட்டறவங்க" என்று இழுத்தான். "தெரியும், ஒரு தபா சொல்லிட்ட" என்று அவள் அவன் வாயை அடைத்தாள்.

மே மாதம் கல்யாணத்தன்று காலை மகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஜெயகுமாரி, எனக்குக் கல்யாணமே வேணாம்மா என்று சடையை உருவிக்கொண்டு எழுந்தாள். "குந்துடி, பூ நசுங்குது. உங்க நைனாவ பத்து வருசம் பூட்டி வெச்சவ நானு. நான் இல்லாம உனுக்குத் தாலி ஏறும். அவரு அந்தக் கொடியாண்ட நின்னுக்கினு கீறப்ப ஏறினா எனுக்குத் தாங்காது" என்றாள். ரெண்டு பேரும் அழுதார்கள், பவுடர் கலைந்தது, திரும்பப் போட்டுவிட்டாள். கல்யாண வேன் ரைஸ்மில் எதிரே நின்றது. பட்டு வேட்டி கட்டின பிரகாசத்தைக் கொடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, "கொடி உழுந்தா வேன்ல ஏறு, என்னைத் தேடிக்கினு வராத" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்தவன் விடவில்லை. "மணி ஆவுதுய்யா" என்று அவள்தான் விரல் விரலாகப் பிரித்தாள். எட்டேகாலுக்கு டோக்கனோடு ரப்பர் படகில் ஏறினாள். எட்டரைக்கு நங்கூரச் சங்கிலி ஏறுகிற சத்தம் பட்டாபிராம்வரை கேட்டது. கொடி சாய்ந்தது. பிரகாசம் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான், மற்றதையும் வைத்தான், வேனில் ஏறி ஜன்னலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காட்டுப்பாக்கம் கோயிலில் மகள் கையைப் பிடித்து நடந்தபோது அவன் கால் ஒரு இடத்திலும் திரும்பவில்லை. ஏரியில் கப்பல் போன பின்னாலேயே பாறையும் போனது, கடல்நாயும் போனது. பெங்குவின்கள் கடைசியாக வரிசையில் போயின. சாயங்காலம் வெறும் ஆகாயத்தாமரைதான் மிதந்தது. ஐஸ்காற்று போச்சே என்று ஆவடிக்காரர்கள் ஒரு வாரம் புலம்பினார்கள்.

அடுத்த வருஷம் அதே மே மாதம் அதே தேதியில் கப்பல் வந்தது. காலை எட்டுக்கு வந்தால் சாயங்காலம் நாலுக்குப் போய்விடும். புடவை மேல் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஞானகுமாரி இறங்கினாள். வெயிலில் கறுத்து, உடம்பு வைத்திருந்தாள். சேர்ந்த முதல் வாரமே அவள் கேப்டனைப் பிடித்து, டோக்கன் இனிமே ஆணியிலேயே கிடக்க வேண்டாம், கரைக்குப் போகிறவர்கள் கழுத்தில் கட்டிக்கொண்டு போகட்டும், சட்டைப் பையில் போனால்தான் வம்பு என்று சட்டத்தையே மாற்றிவிட்டிருந்தாள். அந்தக் கிழவி வீடு போய்ச் சேர்ந்தாள் என்றும், போன இடத்திலிருந்து ஒரு கடிதம் போட்டாள் என்றும் சொன்னாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தாள். பேரனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, எந்தப் பறவை எந்தப் பாறையில் முட்டை போடும் என்று கதை சொல்லுவாள். ஊரில் அன்றைக்கு மட்டும் காற்று ஜில்லென்று வரும். ஞானகுமாரி வந்துட்டாப்ல கீது என்று மின்விசிறியை நிறுத்திக்கொள்வார்கள்.

தொண்ணூற்றெட்டில் பிரகாசம் ஒரு வேலை செய்தான். அவள் குளிக்கப் போனபோது கழற்றி வைத்த டோக்கனை எடுத்து அரிசி ட்ரம்முக்குள் புதைத்துவிட்டான். மூன்றரை மணிக்கு அவள் தேட ஆரம்பித்தாள். பாயை உதறினாள், கோட்டுப் பையைத் திருப்பிப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். ஏரியில் கப்பல் ஒரு தரம் ஊதியது. தேடிக்கொண்டே திரும்பியவள் அவன் கையைப் பார்த்தாள். முழங்கைவரை அரிசி மாவு அப்பியிருந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "போவணும்னு ஆசையாவும் கீதுய்யா, இங்க இருக்கணும்னு ஆசையாவும் கீது. நீயே சொல்லு" என்றாள். அவன் ரைஸ்மில் பக்கம் பார்த்தான். கொடி நட்ட குழி இன்னும் தூர்ந்திருக்கவில்லை. ட்ரம்மைத் திறந்து கையை விட்டு எடுத்தான், வாயால் ஊதித் தூசியைத் தட்டினான், அவள் கழுத்தில் போட்டுப் பின்னால் முடிச்சையும் அவனே போட்டான். "நாலாவப் போவுது, கெளம்புமே. வர்ற வருசம் கொஞ்சம் நேரத்தோட வா" என்றான்.

நாலு மணிக்குக் கப்பல் போனது. பிரகாசம் கீழே சிந்தியிருந்த அரிசியைக் கூட்டி அள்ளி ட்ரம்மில் போட்டு மூடிவிட்டு, ஒரு ஆளுக்கு உலை வைத்தான்.