காற்றடைத்த பெட்டி

கிறிஸ்துமஸ் தாத்தா சோதாமின் பெயரைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்த பெட்டி, அவள் நெஞ்சு உயரம் இருந்தது. மிரான் திகைத்துப்போனாள். மகள் சோதாமுக்காக அவள் வாங்கியது ஒரு பூதக்கண்ணாடி. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கொரியாவின் இஞ்சியோன் நகரில் அந்த மழலையர் பள்ளியில் வருடா வருடம் இதே ஏற்பாடுதான். பெற்றோர் பரிசை முன்கூட்டியே ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வேன் ஓட்டுகிறவர் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு, வானத்திலிருந்து கொண்டுவந்ததுபோல எடுத்துக் கொடுப்பார். உடனே ஒரு போட்டோ. பிரிப்பதெல்லாம் வீட்டில்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு சோதாம் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிழித்துப் போட்டாள். எதையும் கையில் வைத்துப் பார்க்கவில்லை. எல்லாம் தீர்ந்ததும், "அவ்வளவுதானா?" என்றாள். அந்தப் பிஞ்சு முகத்தில் இருந்த சலிப்பை மிரான் மறக்கவில்லை. இந்த வருடம் ஒரு சின்னக் கேக், வீட்டில் செய்த சூப், சாயங்காலம் தேவாலயம், மகளுக்கு ஒரே ஒரு பரிசு, போதும் என்றாள். கணவன் கிஹோ உடனே ஒப்புக்கொண்டான். ஆபீஸ் போகிற வழியில் பள்ளியில் கொடுத்துவிடுவதாகப் பூதக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது அவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"புதுசா என்ன வாங்கினே?" என்று கேட்டாள் மிரான்.

"சத்தியமா ஒண்ணும் வாங்கல. உள்ள உன் கண்ணாடிதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?"

"ஆபீஸ்ல ஹீட்டர் வந்த பெட்டி. சும்மா பிளாஸ்டிக் காத்துப் பையப் போட்டு நிரப்பிட்டேன். போட்டோவுல பெட்டிதானே தெரியும்? அத எங்க அக்காவும் பாப்பாங்க, உங்க அம்மாவும் பாப்பாங்க."

பக்கத்தில் நின்ற, சோதாமின் வகுப்புப் பையன் யுன்ஜேயின் அம்மா சிரித்துவிட்டாள்.

"இதுக்கா, சோதாம் அம்மா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? எங்க பெட்டியில முக்கால்வாசி பழைய பேப்பர்தான். ஊரோட ஒத்துப்போக வேணாமா?"

மிரான் வரிசையைப் பார்த்தாள். ஒரு பையன் தன்னைவிடப் பெரிய பெட்டியை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். "அடேயப்பா, எவ்ளோ பெருசு!" என்று அம்மாக்கள் மாற்றி மாற்றி வியந்தார்கள். உள்ளே வெறும் காற்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முகத்திலும் கூச்சம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாயில் முடி தட்டுப்பட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போது சோதாமின் குரல் கேட்டது. "யுன்ஜே, உன்னுது சின்னது. என்னுதுதான் பெருசு."

யுன்ஜேயின் உதடு பிதுங்கியது.

மிரான் கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிறவள் அல்ல. விறுவிறுவென்று நடந்துபோய் மகளின் பெட்டியைக் கிழித்தாள். காற்றுப் பைகள் மளமளவென்று தரையெல்லாம் சரிந்தன. அடியில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"இதுதான் உன் பரிசு. மீதியெல்லாம் காத்து."

"ஐயையோ, வீட்டுல போய்த்தான் பிரிக்கணும்!" என்று டீச்சர் ஓடிவந்தாள். அதற்குள் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் பெட்டிகளைக் கிழிக்கத் தொடங்கியிருந்தார்கள். கசங்கிய காகிதமும் பைகளுமாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. "வேண்டாம்டா! மூடுடா!" என்று அம்மாக்கள் கத்தினார்கள்.

சோதாம் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று மிரான் நினைத்தபோது, யுன்ஜே ஒரு காற்றுப் பையின்மேல் ஏறிக் குதித்தான். பட்டென்று வெடித்தது. சோதாம் திரும்பிப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை அம்மா கையில் திணித்துவிட்டு அவளும் ஓடினாள்.

கிஹோ பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே. திருப்திதானா?"

"பெட்டிக்குள்ள மானத்தையும் போட்டு வெச்சிருந்தியா? நான் கவனிக்கல."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சோதாம் மூச்சிரைக்க ஓடிவந்து வெடிக்காத ஒரு காற்றுப் பையை மிரானின் காலடியில் வைத்தாள்.

"அம்மா, நீயும் ஒண்ணு வெடி!"

மிரான் கணவனைப் பார்த்தபடியே, குதிகாலால் ஓங்கி மிதித்தாள்.