ஒரு டஜன் கொக்கியும் ஒரு ஜெபமும்

ஒரு மனிதன் ஆண்டவரிடம் மட்டும் சொன்ன வார்த்தைக்குச் சந்தையில் என்ன விலை? ஒரு டஜன் கொக்கி. அதுவும் காசு கொக்கிக்குத்தான். வார்த்தை இலவசம், பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கப்படும்.

கட்டிக் கொடுத்தவர் யாரோ எவரோ அல்ல, அந்த வார்த்தையைச் சொன்னவரேதான்.

திரைச்சீலைக் கடை வைத்திருந்ததால் சபையில் எல்லோருக்கும் அவர் திரைக்காரர். ஜன்னலை ஒரு பார்வை பார்த்தால் அகலம் உயரம் சொல்லிவிடுவார். வந்தவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தால் எந்த விலைக்குப் படிவார் என்று சொல்லிவிடுவார். பைபிளில் தேவாலயத்துத் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்த பகுதி ஆலயத்தில் வாசிக்கப்படும்போதெல்லாம் நாலு தலையாவது அவர் பக்கம் திரும்பும். "நம்ம கடையில எடுத்திருந்தா கிழிஞ்சிருக்காது" என்று ஒருமுறை வாசலில் அவர் சொன்னது போதகர் காதுவரை போய், போதகரே சிரித்துவிட்டார்.

இத்தனை வாய் உள்ளவருக்கு ஜெபம் மட்டும் வராது. மொத்த வியாபாரியோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி விலையை இறக்கிக்கொண்டு வருகிற நாக்கு, கண்ணை மூடியதும் மரக்கட்டை ஆகிவிடும்.

வீட்டில் காலை ஆறரைக்குக் குடும்ப ஜெபம். சாப்பாட்டு மேஜையில் மூன்று நாற்காலி. கல்லூரிக்குப் போகும் மகள், வாயில் பாதி ரொட்டியோடு சங்கீதம் வாசிப்பாள். மனைவியின் ஜெபம் உலக சமாதானத்தில் புறப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்புவலி வழியாக, முடியப்போகும் கேஸ் சிலிண்டரில் வந்து நிற்கும். சரியாக அந்த இடத்தில் கெட்டில் விசிலடிக்கும். "கெட்டிலே ஆமென் சொல்லிடுச்சு" என்பாள் மகள். மூவரும் சிரிப்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர் எந்த லாபத்துக்கும் விற்றிருக்க மாட்டார். ஆனால் அவருடைய முறை வரும்போது மட்டும் ஒன்றும் வராது. தொண்டையைச் செருமுவார், "ஆமென்" என்பார், அவ்வளவுதான்.

அதற்காக அவரே கண்டுபிடித்த வழிதான் அந்த பிஸ்கட் டப்பா. ஞாயிறுதோறும் மூவரும் ஆளுக்கொரு சீட்டில் தங்கள் ஜெபத்தை எழுதி, மூடியில் வெட்டிய துளை வழியாகப் போடவேண்டும். டப்பாவைத் திரைக் கயிற்றால் சுற்றிக் கடை முடிச்சு போட்டிருந்தார். வருஷக் கடைசியில் கொல்லையில் வைத்து, யாரும் படிக்காமல், மொத்தத்தையும் எரித்துவிடுவார்கள். நான்கு வருஷமாக நடக்கிறது. பேசத் தெரியாதவருக்கு எழுதக் கிடைத்த இடம் அது. மறுநாள் காலையில் அவர் சொல்லும் "ஆமென்" கொஞ்சம் கனமாக இருக்கும்.

மனைவியும் எழுதுவாள், வேறு இடத்தில். சபை மாதாமாதம் போடும் பத்திரிகையில் 'அடுப்படியில் ஆண்டவர்' என்று ஒரு பக்கம் அவளுடையது. அன்றாட வீட்டு வேலைக்குள் விசுவாசத்தைக் கண்டெடுப்பது எப்படி என்று இரண்டு வருஷமாக எழுதுகிறாள். "எங்க வீட்டம்மா எழுதுறாங்கல்ல?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். ஒரு வரி படித்ததில்லை. வீட்டில் தினம் கேட்பதைக் காகிதத்திலும் படிப்பானேன்? விற்காமல் மிஞ்சிய பிரதிகளை, வீணாகக் கூடாதே என்று அவள் கடைக்கு அனுப்புவாள். அவர் கிழித்துக் கொக்கியும் வளையமும் பொட்டலம் கட்டுவார்.

அந்தப் பொட்டலம் ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. ஆலயத்தில் இவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர்.

"தம்பி, கொக்கி பதினாலு இருந்துச்சு. டஜன்னா பன்னெண்டுதானே. ரெண்டைத் திருப்பிக் கொண்டாந்தேன்."

"கொசுறும்மா அது. வச்சுக்கங்க."

"கொசுறு கொக்கி மட்டுமா குடுத்தீங்க?" என்று நர்ஸம்மா கைப்பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்து நீவினார். "நான் இதைப் பத்திரிகை வந்தப்பவே படிச்சிட்டேன். பொட்டலத்துல மறுபடி வரவும், சரி, நேர்ல போயி ரெண்டு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. கவலைப்படாதீங்க தம்பி. எங்க புதன்கிழமைக் கூட்டத்துல உங்களுக்காக ஜெபிக்கிறோம். முழங்கால் ஆபரேஷன் பண்ணின அக்காவுக்கு அடுத்தாப்ல நீங்கதான்."

"எனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு?"

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு. மடக்கத்தான் மனசு வரமாட்டேங்குதுன்னு எழுதியிருக்கே."

தொழில் பழக்கத்தில் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளைப் பார்த்தார். "எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தலைவர், ஜன்னல் சம்பந்தமான வியாபாரம் செய்கிறவர்" என்று ஆரம்பித்தது.

"இது யாரோ ஜன்னல்காரரும்மா."

"ஆமா ஆமா, யாரோதான்" என்று நர்ஸம்மா, ஊசி போட்ட இடத்தைத் தடவுவதுபோல் அவர் கையைத் தடவினார். "ஜன்னலுக்கு ஊர்ல எத்தனையோ பேரு."

ஊரில் ஒருவர்தான்.

அந்த அம்மாள் படியிறங்கிய பிறகு அவர் மீதியைப் படித்தார். மேற்கோள் குறிக்குள் இருந்தது: "ஆண்டவரே, இருபது வருஷமாக இந்த மேஜையில் உட்காருகிறேன். நீர் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இவர்கள் இரண்டு பேர் இருப்பது தெரிகிறது. அதற்காகத்தான் உட்காருகிறேன். கோபித்துக்கொள்ளாதேயும்."

பில் புத்தகத்தின் பின்தாளைக் கிழித்து, கடை மூடும் நேரத்தில், இரண்டு தடவை அடித்துத் திருத்தி அவர் எழுதி டப்பாவில் போட்ட சீட்டு. 'கோபித்துக்கொள்ளாதேயும்' கூட அப்படியே இருந்தது. அதன் கீழே மனைவி எழுதியிருந்தாள்: இப்படிப்பட்ட கணவனை அன்பான ஒரு குடும்பம் எப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கர்த்தரிடம் அழைத்து வருகிறது பாருங்கள் என்று.

பொட்டலத் தாள் கட்டு கல்லாவுக்கு அடியில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு, துணிச் சுருள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். இருபத்து நான்கு மாதத்தில் கிழிந்து போனது போகக் கிடைத்ததையெல்லாம் தேதிவாரியாக அடுக்கினார். தம்பி வீடு கட்டியபோது வயிறெரிந்தது, ஒன்று. செத்துப்போன அப்பாவை இன்னும் மன்னிக்க முடியாதது, இன்னொன்று. மட்டத் துணியை ஒசத்தி என்று சொல்லி விதவை ஒருத்திக்கு விற்றுவிட்டு ராத்திரி தூங்காதது. மொத்தம் ஒன்பது. எல்லாவற்றிலும் அவர் 'எனக்குத் தெரிந்த ஒருவர்'. வாரத்துக்கு எத்தனை டஜன் கொக்கி விற்றோம் என்று மனசு தானாகப் பெருக்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

'அளவு எடுக்கப் போயிருக்கிறேன்' என்ற பலகையைக் கதவில் தொங்கவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய கடைசி நாள் அன்று. குளிர்ப்பெட்டி மேல் இருக்கவேண்டிய பிஸ்கட் டப்பா, கட்டு அவிழ்ந்து, அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் ஒன்பது தாளையும் மேஜையில் வைத்தார். அவள் பேனாவை மூடினாள்.

"பேரு போடலைங்க நான்."

"பேரு எதுக்கு? முகவரி போட்டுட்டியே."

"நாலு பேருக்கு ஆறுதலா இருக்கும்னுதான். அந்தக் கட்டுரைக்கு எத்தனை பேரு நன்றி சொன்னாங்க தெரியுமா?"

"தெரியும். புதன்கிழமைக் கூட்டமே முழங்கால் போடுதாம் எனக்கு." குரல் உயரவில்லை. கடையிலும் அவர் கத்துகிறவர் அல்ல. "முடிச்சை எப்படி அவுத்தே?"

கேட்டதுமே பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மூட்டை கட்ட ஆளில்லாதபோது, அந்த முடிச்சை அவள் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"பாப்பா சாப்பிடாம கிடந்தாளே ஒரு தடவை" என்றாள் மெதுவாக. "என்னன்னு கேட்டா சொல்லல. அவளுக்காக என்னன்னு ஜெபிக்கிறதுன்னு தெரியாமத்தான் மொதல்ல திறந்தேன். சத்தியமா. அப்புறம் பத்திரிகைக்கு எழுதச் சொன்னாங்க. மாசம் ஒண்ணு. பால் பொங்குனதையும் இஸ்திரிப் பெட்டி கெட்டதையும் எத்தனை மாசத்துக்கு எழுத முடியும்?"

பேச்சுச் சத்தம் கேட்டு, பரீட்சை விடுமுறையில் இருந்த மகள் அறையிலிருந்து வந்தாள். தாள்களைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"போன வருஷம். பத்திரிகையில என் சீட்டு வந்துச்சு. 'ஒரு இளம்பெண்ணின் கண்ணீர்'னு. அப்புறம் நான் நெசம் எழுதறதில்லப்பா. கைக்கடிகாரம் வேணும்னு எழுதிப் போட்டேன், வந்துச்சு. ஷூவும் வந்துச்சு. ஆண்டவர் ரொம்ப சீக்கிரம் கேட்டாரு."

வேறொரு நாளாக இருந்தால் அவர் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தையில் ஏமாறுவது புதிதல்ல. ஏமாற்றியவன் யார் என்று தெரிந்தால் அடுத்த தடவை வசூலித்துக்கொள்ளலாம். மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து, அதில் இரண்டு பேருக்குச் சரக்கு போலி என்று தெரிந்து, ஒருவன் மட்டும் முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கடைக்கு என்ன பெயர் வைப்பது?

அவர் டப்பாவைக் கவிழ்த்தார். பில் தாளில் அவருடையவை. கோடு போட்ட நோட்டுத் தாளில் மகளுடையவை. நல்ல வெள்ளைக் காகிதத்தில், ஓரம் பிசகாமல் நான்காக மடித்தவை மனைவியுடையவை. அவற்றில் ஒன்றைப் பிரித்தார். வெறும் தாள். இன்னொன்று. அதுவும் வெறும் தாள். ஒன்று விடாமல் பிரித்தார். மேஜையெல்லாம் வெள்ளை.

"ஒண்ணுமே எழுதலியா நீ?"

"எப்படிங்க எழுதறது?" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "அது திறக்கும்னு எனக்குத் தெரியுமே."

"ஆமா" என்றார். "எனக்குத்தான் தெரியாது."

பத்திரிகைக்கு அந்த மாதக் கட்டுரை போகவில்லை.

மறுநாள் ஆறரைக்கு அவர் மேஜைக்கு வந்தார். ஆனால் உட்காரவில்லை, கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மகள் ரொட்டியை விழுங்கிவிட்டு, வாய் காலியாக, ஒழுங்காக வாசித்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மனைவியின் முறை வந்தது. உலக சமாதானமும் இல்லை, சிலிண்டரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு "ஆமென்" என்றாள். அவரைப் போலவே. கெட்டில் அதற்கப்புறம்தான் விசிலடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

அவள் எழுந்து ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கமாக மேஜையில் வைத்தாள். மடிக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

"ஆண்டவரே, அவர் சீட்டில் இருந்தது எனக்கும் உண்மை. நீர் இருப்பது எனக்கும் தெரியவில்லை. அதை என் பேரில் எழுதத் தைரியமில்லாமல் அவர் தலையில் கட்டினேன்."

வாயில் முதலில் வந்த கேள்வியையே அவர் கேட்டார். "இது அடுத்த மாசத்துக்கா?"

அடி வாங்கியவள் போல அவள் நிமிர்ந்தாள். "இல்ல."

அவர் தாளை எடுத்து, துணியின் நெசவைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தது. பத்திரிகைக்கு எழுதும்போது அவள் ஒரு எழுத்தும் அடித்ததில்லை. சரக்கு அசல் என்றே தோன்றியது. ஆனால் ஒருமுறை அளவில் ஏமாந்தவன், கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் அடுத்த முறை தன் டேப்பை வைத்து அளக்காமல் விடமாட்டான்; கடைவீதியில் வளர்ந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது. பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். தாளை அதில் போடவில்லை. மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டீ குடிச்சிட்டாவது போங்க" என்றாள்.

நின்றுகொண்டே குடித்தார்.

"நாளைக்கு உக்காருவீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"நாளைக்குப் பாப்போம்" என்றார். துணியும் பிடித்து, விலை மட்டும் படியாமல் போகிறவர்கள் அவர் கடை வாசலில் சொல்லும் அதே தொனியில்.

கடையைத் திறந்ததும் மிச்சமிருந்த பத்திரிகைக் கட்டைத் தூக்கி உள்ளறையில் போட்டுப் பூட்டினார். வந்த முதல் ஆளுக்கு வளையங்களைக் காகிதமில்லாமல் கையிலேயே எண்ணிக் கொடுத்தார். அந்த ஆள் போனபின் பில் புத்தகத்தின் பின்தாள் ஒன்றைத் திருப்பி, பழக்க தோஷத்தில், எழுதினார்:

மகள்: கடிகாரம், ஷூ. தன் பங்கைத் தானே வசூலித்துக்கொண்டாள். கணக்கு நேர்.
மனைவி: என்னிடமிருந்து போனது ஒன்பது. வந்தது ஒன்று. பாக்கி எட்டு.

கீழே இன்னொரு வரி சேர்த்தார்.

வட்டி இல்லை.