கறுப்புப் பை போட்ட பலகை

தீ அலாரம் அலறியபோது கிர்க் டொனோவனின் வாயில் பாதி டோனட் இருந்தது. மீதியை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினான். சமையலறையில் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள். ஆனால் தீயணைப்பு வண்டி வந்து பார்த்துச் சொல்லும்வரை கட்டடத்துக்குள் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. டொலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணி அலுவலகத்தில் வேலை பார்த்த அறுபது பேரும் கார் நிறுத்துமிடத்தில், கொட்டும் பனியில், கோட்டுகூட இல்லாமல் நின்றார்கள்.

கிர்க்குக்குக் குளிர் உறைக்கவில்லை. அவன் அணியின் ஜெனரல் மேனேஜர். அவன் கண் முழுவதும் வாசலை ஒட்டிய முதல் இடத்தில் இருந்தது. அங்கே கம்பத்தின் மேல் ஒரு பலகை, அதன்மேல் கறுப்புக் குப்பைப் பை. பைக்குள்ளே இருந்த எழுத்து அவனுக்கு மனப்பாடம்: 'ஹெட் கோச் ஆண்ட்ரூ லிண்ட்.'

நேற்றே மாட்டிவிட்டார்கள். அவசரக் குடுக்கைகள்! லிண்ட் முப்பத்தைந்து வயதுக்காரன். ஒமாஹா அணியின் நொண்டித் தாக்குதல் வரிசையை ஒரே வருஷத்தில் நிமிர்த்திக் காட்டியவன் என்று நாடே பேசியது. கை குலுக்கியாகிவிட்டது. அறிவிப்புதான் பாக்கி. ஆனால் எல்லா அணிகளையும் நடத்தும் லீகின் விதி குறுக்கே நின்றது: ஹெட் கோச் இடம் காலியானால், வெளியிலிருந்து கறுப்பினத்தவர் போன்ற சிறுபான்மையினர் இரண்டு பேரையாவது நேரில் பார்த்துப் பேசாமல் யாரையும் எடுக்கக் கூடாது. ஒருவர் செவ்வாயன்று வந்து போய்விட்டார். இரண்டாமவருக்கு இன்று ஒன்பதரை மணி.

"என் டீமுக்கு யாரைக் கூப்பிடணும்னு லீக் சொல்லுமா?" அணியின் சொந்தக்காரி லோயிஸ் ஹார்கெட் கைகளைத் தேய்த்துக்கொண்டே பொருமினாள். "திறமை இருந்தா தானா மேல வரமாட்டானா?"

"ஒரு மணி நேரம்தான் மேடம். காபி கொடுப்போம், சிரிப்போம், அனுப்பிடுவோம்."

"அது அதைவிடக் கேவலம். ஒரு மனுஷனை விமானத்துல வரவழைச்சு நாடகம் ஆடறது."

"விதி போட்டவன் அப்படிப் போட்டிருக்கான். நான் என்ன பண்ண?"

அந்த நேரம் பார்த்து ஒரு வாடகைக் கார் உள்ளே நுழைந்தது. ஐம்பது வயது தாண்டிய, உயரமான கறுப்பின மனிதர் இறங்கினார். கையில் தடித்த நீலக் கோப்பு. கார்னெல் பாட்டிஸ்ட். இருபத்திரண்டு வருஷமாகத் துணைக் கோச். ஹெட் கோச் வேலைக்கு இது அவருடைய எட்டாவது நேர்காணல்.

ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. கறுப்புப் பை பட்டென்று கழன்று, பறந்து, நேராக பாட்டிஸ்டின் காலில் வந்து சுற்றிக்கொண்டது.

அவர் குனிந்து பையை எடுத்தார். பலகையைப் பார்த்தார். ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு நடந்து போய், பையைப் பலகைமேல் மாட்டி, அடியில் இறுக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார்.

"புதுப் பலகை. பனியில நனைஞ்சா வீணாப் போயிடும்" என்றார். "குட் மார்னிங் மேடம். என்னோட ஒரு மணி நேரம் எனக்கு உண்டுல்ல?"

லோயிஸ் தலையை ஆட்டினாள்.

அலாரம் ஓய்ந்ததும் மூவரும் திரை அறைக்குப் போனார்கள். தன்னைப் பற்றி பாட்டிஸ்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க தோத்த கடைசி ஆட்டத்தைப் போடுங்க. சத்தம் வேணாம்."

பந்து நகர்வதற்கு முந்தைய நொடியில் படத்தை நிறுத்தினார். "பாஸ்." ஓடவிட்டார். பாஸ்தான், பந்தை எறிந்தார்கள். அடுத்தது. "ரன்." ரன்தான், பந்தோடு ஓடினார்கள். "பாஸ். பாஸ். ரன்."

கிர்க் முதலில் சிரித்தான். ஆட்டத்தை நெட்டுருப் போட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தான். வேண்டுமென்றே அக்டோபர் ஆட்டம் ஒன்றை, அதுவும் நடுவிலிருந்து போட்டான். "ரன். பாஸ். ரன்." பத்து, பதினைந்து, இருபது. லோயிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இருபத்து மூன்றாவதில் "ரன்" என்றார், பாஸ் வந்தது.

"அப்பாடா! மாட்டினீங்க கோச்!" என்றான் கிர்க்.

"இல்ல. அது ரன்தான்னு உங்க முன்வரிசையில நிக்கற அந்த அறுபத்தாறாம் நம்பர் பையன் நினைச்சிருக்கான். பாருங்க, பின்னால போக வேண்டியவன் முன்னால பாயறான்."

கிர்க் திரையை உற்றுப் பார்த்தான். தப்பாக ஆடியதற்காக அந்தப் பையன் அன்று உடைமாற்றும் அறையில் வாங்கிய திட்டு அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அது வெளியே யாருக்கும் தெரியாது.

பாட்டிஸ்ட் திரையருகே போய் தரையில் ஊன்றியிருந்த அறுபத்தாறின் கையைத் தொட்டுக் காட்டினார். "ரன்னுன்னா முன்னால சாய்வான். பாரம் பூரா விரல்ல இறங்கும், விரல் முட்டி வெளுத்துடும். பாஸுன்னா விரல் சும்மா புல்லைத் தடவும். அவ்வளவுதான்."

மூன்று வருஷம். இதே திரை, இதே நாற்காலி. எத்தனை நூறு தடவை பார்த்திருப்பான்! அந்த விரல்கள் அங்கேயேதான் இருந்தன. கோயிலில் நிற்பவன்போல கிர்க் திரைமுன் நின்றான்.

"மத்த டீமுக்கு இது தெரியுமா?" லோயிஸின் குரல் இறங்கியிருந்தது.

"நவம்பர்லேர்ந்து மூணு டீமுக்குத் தெரியும். அந்த மூணுகிட்டயும் தோத்திருக்கீங்க." கோப்பைப் பிரித்தார். "சரி பண்ண ஆறு வாரம் போதும். பயிற்சி எல்லாம் இதுல எழுதியிருக்கேன். வச்சுக்குங்க."

"பலகையைப் பார்த்துட்டும் இதை எங்களுக்குக் கொடுக்கிறீங்களா?"

"டீமைப் பார்க்கக் கூப்பிட்டீங்க. பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாம போக எனக்குத் தெரியாது மேடம்."

"முன்னாடி ஏழு தடவையும் இப்படித்தானா?"

"ஏழு ஊர், ஏழு கோப்பு. ஏர்போர்ட் காபிதான் ஒரு ஊர்லயும் நல்லால்ல." சிரித்தார். "நாலு டீம் அடுத்த வருஷமே சரி பண்ணிடுச்சு. டிவில பார்த்தேன். அழகா ஆடினாங்க."

கிர்க் ஒரு அடி முன்னால் வந்தான். "அந்த நாலுல... லிண்டோட ஒமாஹா உண்டா கோச்?"

பாட்டிஸ்ட் கோட்டை மாட்டிக்கொண்டார். "நல்ல பையன் லிண்ட். சொன்னா சட்டுனு பிடிச்சுக்குவான்" என்றார். இருவரிடமும் கை குலுக்கிவிட்டுப் போனார்.

லோயிஸ் ஜன்னலருகே நின்றாள். கீழே அந்த உயரமான உருவம் பலகையைத் திரும்பியும் பாராமல் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

"ஓடு கிர்க். அவர் கார்ல ஏறறதுக்குள்ள மேல கூட்டிட்டு வா. அந்தப் பலகையைப் பிடுங்கச் சொல்லு. லிண்ட்கிட்ட நான் பேசிக்கறேன்."

கதவுவரை ஓடியவனை அவள் குரல் நிறுத்தியது. "உண்மையைச் சொல்லு. இந்த விதி இல்லேன்னா இவரைக் கூப்பிட்டிருப்பியா?"

கிர்க் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் போன் நம்பரையே லீக் ஆபீஸ்ல கேட்டுத்தான் வாங்கினேன் மேடம்."